தவறவிட்டதையும் அச்சிடுங்கள்: ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் மதிப்பாய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

சட்ட ஆவணத் தேடல், பொறியியல், மருத்துவம் என்று மூன்று துறைக் கட்டுரைகளையும் மாறி மாறிப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. மூன்றிலும் இப்போது ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகள் குவிகின்றன. ஒரு தரவுத்தொகுப்பு, அதைப் பார்த்துக் கணிக்கக் கற்ற ஒரு கணினி மாடல், முடிவில் ஓர் அட்டவணை. அட்டவணையின் கடைசி வரிசையில், தடித்த எழுத்தில், 99 சதவீதத் துல்லியத்தைத் தொட்டும் தொடாமலும் ஓர் எண். தசமப் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் போட்டால் நம்பிக்கை கூடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போல. அந்த எண் எப்படி வந்தது, எதெல்லாம் தவறிப்போனது என்று தேடினால்தான் சிரமம். பல கட்டுரைகளில் அதற்குப் பதிலே இல்லை. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் இந்த மடலை ஆராய்ச்சியாளர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் மிக நல்ல பாடம் 1985ஆம் ஆண்டினுடையது. டேவிட் பிளேர், எம். இ. மேரன் என்ற இருவர் ஒரு ஆவணத் தேடல் அமைப்பைச் சோதித்தார்கள். ஒரு பெரிய நிறுவன வழக்கு. சுமார் 40,000 ஆவணங்கள், ஏறத்தாழ 3,50,000 பக்கங்கள், எல்லாம் கணினிக்குள். தேடியவர்கள் அந்த வழக்கையே நடத்திய வழக்கறிஞர் தரப்பினர். யாரோ மாணவர்களைக் கூட்டி வைத்துச் செய்த சோதனை இல்லை. தங்களுக்கு வேண்டிய ஆவணங்களில் 75 சதவீதமாவது கிடைத்துவிட்டது என்று தோன்றும்வரை சொற்களை மாற்றி மாற்றித் தேடினார்கள். தோன்றியது, நிறுத்தினார்கள். உண்மையில் கிடைத்திருந்தது சராசரியாக 20 சதவீதம்தான்.

ஏன் அப்படி? வழக்கின் மையத்தில் ஒரு விபத்து. குற்றம் சாட்டும் தொனியில் எழுதியவர்கள் அதை நேராக விபத்து என்றே எழுதியிருந்தார்கள். பழி தங்கள் மேல் விழக்கூடும் என்ற நிலையில் இருந்தவர்களோ ‘துரதிர்ஷ்டமான சூழ்நிலை’, ‘ஒரு சிரமம்’ என்று பூசி மெழுகி எழுதியிருந்தார்கள். வழக்கைத் திருப்பக்கூடிய காகிதங்கள் இந்த இரண்டாவது வகையில்தான் இருந்திருக்கும் என்று சொல்ல சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

இதில் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது அந்த 20 சதவீதத்தைவிட, அதை அவர்கள் கண்டுபிடித்த விதம். தேடலில் வராத ஆவணங்களிலிருந்து மாதிரி எடுத்து, அவற்றையும் வழக்கறிஞர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அலுப்பூட்டும் வேலை, செலவும் பிடிக்கும். ஆனால் அதைச் செய்யாமல் இருந்திருந்தால், வழக்கறிஞர்கள் திருப்தியடைந்தார்கள் என்ற ஒரு வரியோடு ஆய்வு முடிந்திருக்கும். வந்தவற்றை மட்டும் பார்ப்பவருக்கு வராதவை எத்தனை என்று தெரிய வழியே கிடையாது.

இன்றைய சட்டத் தேடலின் நிலை என்ன? சொற்களை அப்படியே பொருத்திப் பார்த்த காலம் போய், பொருளை ஒப்பிடும் மாடல்கள் வந்துவிட்டன. ‘சிரமம்’ என்று எழுதியிருந்தாலும் விபத்தோடு சேர்த்துக் காட்டக்கூடியவை அவை. உண்மையான முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் சோதனை முறை அந்த அளவுக்கு வளரவில்லை. சட்டத் தேடல் மாடல்களுக்கென்று 2014 முதல் நடந்துவரும் கோலீ (COLIEE) போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கனடா நாட்டுத் தீர்ப்பிலிருந்து மேற்கோள்களை நீக்கிவிட்டு, அதில் எந்த முன்தீர்ப்புகள் சுட்டப்பட்டிருந்தன என்று கண்டுபிடிக்கச் சொல்வது அதில் ஒரு பிரிவு. புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் நீதிபதி சுட்டியது மட்டும்தான் சரியான விடை. சுட்டாமல் விட்ட, அதே அளவு பொருத்தமான தீர்ப்பைக் கொண்டுவந்தால் அது பிழைக் கணக்கில் போகும். போட்டிக்கு இது போதும். வழக்கறிஞரின் மேசைக்கு இது போதும் என்று எந்தக் கட்டுரையாவது சொன்னால் அங்கே நீங்கள் நிறுத்திக் கேட்க வேண்டும்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் நாம் பார்த்ததுதான். 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மனுவில் காட்டியதற்காக வழக்கறிஞர் தரப்புக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. அது பொதுப் பயன்பாட்டுக் கருவி, சட்டத்துக்கென்றே செய்த கருவிகள் அப்படிச் செய்யாது என்றார்கள். 2024இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட கருவிகளையே சோதித்தபோது, 17 முதல் 33 சதவீத நேரங்களில் பிழையான சங்கதி வந்தது. சில பதில்களில் சுட்டிய தீர்ப்பு அசல், ஆனால் அந்தத் தீர்ப்பு அந்தக் கருத்தைச் சொல்லவே இல்லை. இல்லாத தீர்ப்பையாவது தேடிப் பார்த்தால் பிடித்துவிடலாம். இது முழுத் தீர்ப்பையும் படித்தால்தான் பிடிபடும்.

சரி, பொறியியலுக்கு வருகிறேன். என் கோபம் அதிகமாக இருப்பது இங்கேதான்.

இயந்திரத்தின் சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங்கில் பழுதைக் கண்டுபிடிக்கும் கட்டுரைகளை நீங்கள் நூற்றுக்கணக்கில் வெளியிட்டிருக்கிறீர்கள். அவற்றில் பெரும் பங்கு, அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஒரே தரவுத்தொகுப்பை நம்பி நிற்பவை. பேரிங்கில் மின்பொறியால் சிறு குழிகளை ஏற்படுத்தி, 0.007 அங்குலம், 0.014, 0.021 என்று அளவெடுத்து, மோட்டாரில் பூட்டி, அதிர்வைப் பதிவு செய்தார்கள். நொடிக்கு 12,000 அளவீடுகள். தரவைத் தந்தவர்கள் மேல் குறையே இல்லை, சுத்தமான வேலை.

அதை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் செய்வது இது: நீண்ட பதிவை 1,024 புள்ளிகள் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பல நேரம் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் இருக்கும். எல்லாவற்றையும் குலுக்கி, பெரும்பகுதியைப் பயிற்சிக்கும் மிச்சத்தைச் சோதனைக்கும் வைக்கிறார்கள். ஆக, சோதனைத் துண்டுக்கு முன்னும் பின்னும் இருந்த துண்டுகள் பயிற்சியில் ஏற்கெனவே இருக்கின்றன. அதே பேரிங், அதே குழி, அதே நிமிடம். வினாத்தாளை முந்தைய இரவே கையில் கொடுத்துவிட்டு முதல் மதிப்பெண் என்று கொண்டாடுவது போன்றது. ஒரு பேரிங்கில் பயிற்சி கொடுத்து, மாடல் பார்த்திராத வேறொரு பேரிங்கில் சோதித்தால் மதிப்பெண் இறங்குகிறது. ஆலையில் இருக்கப்போவதோ எப்போதும் அந்த வேறொரு பேரிங்தான். அதிலும் யாரும் குழி போட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

கான்கிரீட் வலிமையைக் கணிக்கும் கட்டுரைகளிலும் இதே கதைதான். 1,030 வரிசைகள் கொண்ட, 1998இல் வெளியான ஒரு தரவுத்தொகுப்பு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே கலவையை வெவ்வேறு நாட்களில் உடைத்துப் பார்த்த முடிவுகள் தனித்தனி வரிசைகளாக அதில் இருக்கின்றன. குலுக்கிப் பிரித்தால், 7 நாள் முடிவு பயிற்சியிலும் 28 நாள் முடிவு சோதனையிலும் போய் உட்காரும். இதைக் கேட்க உங்கள் மதிப்பாய்வாளருக்கு ஐந்து நிமிடம் போதும்.

இப்படிச் சோதனைத் தரவு பயிற்சிக்குள் கசிவது ஒரு துறையின் நோயும் இல்லை. சயாஷ் கபூர், அரவிந்த் நாராயணன் இருவரும் 2023இல் வெளியிட்ட தொகுப்பில் 17 துறைகள், பாதிக்கப்பட்ட 294 கட்டுரைகள் என்று கணக்கு வருகிறது. யாரோ ஒருவர் ஏற்கெனவே தேடிப் பிடித்து எழுதியவை மட்டுமே அதில் உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மருத்துவத்தில் இதற்கு விலை கொடுப்பவர் நோயாளி. கோவிட் தொற்றின்போது மார்பு எக்ஸ்ரேயையும் சிடி ஸ்கேனையும் பார்த்து நோயைக் கணிக்கும் மாடல்கள் வெள்ளமாக வந்தன. 2021இல் ஒரு குழு 2,212 ஆய்வுகளில் தொடங்கி, தரம் பார்த்து வடிகட்டி, 62-ஐ விரிவாக ஆராய்ந்தது. மருத்துவமனையில் பயன்படும் நிலையில் ஒன்றுகூட இல்லை என்பது முடிவு. சிலவற்றில் நோயில்லாதவர் பக்கத்துக்குக் குழந்தைகளின் எக்ஸ்ரேயை வைத்திருந்தார்கள். மாடல் வயதைக் கற்றதா நோயைக் கற்றதா என்று எப்படிச் சொல்வது? அதே ஆண்டு, பல மருத்துவமனைகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் ஆபத்தான நிலை) எச்சரிக்கை மாடலை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை தன் நோயாளிகளிடம் சோதித்தது. செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது விட்டுவிட்டது. ஆனால் அனுமதிக்கப்பட்ட எல்லாரிலும் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை மணி அடித்திருந்தது.

ஒழுங்காகச் செய்ய முடியாது என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஸ்வீடனில் 80,000 பெண்களுக்கு மேல் சேர்த்து, அவர்களைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பார்ப்பதில் செயற்கை நுண்ணறிவின் உதவியைச் சோதித்தார்கள். 2023இல் வந்த இடைக்கால முடிவின்படி, படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடித்த புற்றுநோய் குறையவில்லை. அங்கேயே அவர்கள் வெற்றி என்று நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த ஆய்வின் முதன்மைக் கேள்வி வேறு: ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்ட பெண்களுக்கு, அடுத்த பரிசோதனைக்குள் எத்தனை புற்றுநோய் தலைகாட்டுகிறது? ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் இதற்குப் பதில் வரும். 1985இல் பிளேரும் மேரனும் கேட்ட அதே கேள்விதான் இது.

புரத வடிவக் கணிப்பிலும் அப்படியே. 1994இல் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் காஸ்ப் (CASP) போட்டியில், இன்னும் யாரும் வெளியிடாத வடிவங்களைத்தான் கணிக்கக் கொடுப்பார்கள். முன்கூட்டியே விடை பார்க்க வழியில்லை. அதனால்தான் 2020இல் ஆல்ஃபாஃபோல்டு 2 என்ற செயற்கை நுண்ணறிவு மாடல் அங்கே ஜெயித்தபோது துறையே ஒப்புக்கொண்டது; 2024இல் வேதியியல் நோபலும் வந்தது.

இனி நான் கேட்பது. தரவை எதன் அடிப்படையில் பிரித்தார்கள் என்று சுருக்கத்திலேயே ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்: பேரிங் வாரியாகவா, கலவை வாரியாகவா, நோயாளி வாரியாகவா, வழக்கு வாரியாகவா, இல்லை சும்மா குலுக்கியா. மாடல் தவறவிட்டவற்றில் சிலவற்றையாவது எடுத்துக் காட்டி, ஏன் தவறியது என்று ஆசிரியர்கள் நினைப்பதை எழுத ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சிறிய ஆய்வுக்கூடங்களுக்கு வேறு மருத்துவமனையின் தரவு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதற்காகக் கட்டுரையைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. ஒரே தரவுத்தொகுப்பில் செய்ததென்றால் தலைப்பிலேயே அது தெரியட்டும். ‘நோயறிதல்’ என்று பெரிய பெயர் வைக்காமல் இருந்தால் சரி.

இது உங்களால் ஆகாத காரியம் இல்லை. முன்கூட்டியே பதிவு செய்யாத மருத்துவச் சோதனைகளை வெளியிட மாட்டோம் என்று 2004இல் மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு அறிவித்தது. 2005இல் நடைமுறைக்கு வந்தது. நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள். இன்று பதிவெண் இல்லாத சோதனைக் கட்டுரையை அனுப்பவே தயங்குகிறார்கள்.

மூன்று கோரிக்கையும் ஒரே நேரத்தில் முடியாதென்றால் முதலாவதோடு தொடங்குங்கள். கட்டுரை சமர்ப்பிக்கும் படிவத்தில் கூடுதலாக ஒரு கட்டம் போதும், அது காலியாக இருந்தால் கட்டுரை மதிப்பாய்வுக்கே போகாது என்று வைத்துவிடுங்கள். அடுத்த ஆசிரியர் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ள இயலுமா, இயலாதென்றால் என்ன தடை என்று உங்கள் இதழின் தலையங்கத்திலேயே எழுதினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் இதழ்களைத் தொடர்ந்து படிக்கும் ஒரு வாசகன்