கோரிக்கை மனு: ரேஷன் வண்டியோடு ரத்த அழுத்தக் கருவியும் வரட்டும்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற நியாயவிலைக் கடை விற்பனையாளர், வயது 68,
பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்.
(ஊரில் 60 வயது கடந்தவர்களின் கையொப்பங்களும் கைரேகைகளும் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தர்மபுரி.

பொருள்: முதியோருக்குச் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு வரக் காரணமாக இருக்கும் உணவு, உப்பு, புகையிலை, வலி மாத்திரைப் பழக்கங்களைக் கவனிக்க, வீட்டு வாசலுக்கு வரும் இரண்டு அரசுத் திட்டங்களைச் சேர்த்து நடத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 31 ஆண்டுகள் ரேஷன் கடையில் எடை போட்டவன். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் பிள்ளை பெங்களூரில், யார் பிள்ளை திருப்பூரில், எந்த அட்டைக்காரர் சர்க்கரை வாங்காமல் வீடு திரும்பமாட்டார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அன்றைக்குக் கடை வரிசையில் பார்த்த முகங்களை இப்போது ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் பார்க்கிறேன். எனக்கும் கொதிப்பு உண்டு, நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. 2024இல் ஐ.நா. விருதும் வாங்கியது. எங்கள் ஊருக்கும் தன்னார்வலர் பெண் வருகிறார், அழுத்தம் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார், நோட்டில் குறித்துக்கொண்டு போகிறார். அப்புறம் 2025 ஆகஸ்ட்டில் 'தாயுமானவர்' திட்டம் வந்தது. வயது முதிர்ந்தவர்களுக்கு ரேஷன் பொருள் வண்டியில் வீட்டுக்கே வருகிறது. மூட்டு வலியோடு ஒரு கிழவி கடை வாசலில் கால் மாற்றி மாற்றி நிற்பதைப் பல வருடம் பார்த்த எனக்கு அந்த வண்டியின் அருமை தெரியும்.

ஆக ஒரே வாசற்படிக்கு அரசாங்கம் மாதத்தில் இரண்டு தடவை வருகிறது. ஒரு தடவை சர்க்கரை மாத்திரையோடு வருகிறது, இன்னொரு தடவை சர்க்கரையோடு வருகிறது. வருகிற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை. எங்கள் மனுவே இதைப் பற்றியதுதான்.

எங்கள் தெருவில் எனக்குப் பெரியம்மா முறையாகிற ஒருவர் இருக்கிறார். வயது 74, தனி ஆள், மகன் ஓசூரில் கம்பெனி வேலை. போன மாதம் அவருக்கு அழுத்தம் 170க்கு 100. மாத்திரை ஒழுங்காகத்தான் போடுகிறார், அட்டையைப் பிரித்துக் காட்டினார். பிறகு ஏன் இறங்கவில்லை என்று அடுப்படியில் உட்கார்ந்து பேசினேன். மத்தியானம் பொங்கிய சோறு, அதற்குக் கொஞ்சம் ரசம். ராத்திரிக்கு அதே சோறு, ஊறுகாய். "ஒரு ஆளுக்கு எதுக்குடா தனியா கொழம்பு வெச்சிக்கிட்டு?" என்றார். குழம்பு வைக்க அவருக்கு அலுப்பு இல்லை ஐயா. உட்கார்ந்து சாப்பிட இன்னொரு ஆள் இல்லை, அதுதான்.

எடை போட்ட கை சும்மா இருக்குமா? "ஒரு கிலோ கல்லுப்புப் பாக்கெட்டு எத்தனை நாள் வருது பெரியம்மா?" என்று கேட்டேன். "ரெண்டரை மாசம் வரும்" என்றார். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். அந்தக் கணக்கில் ஒரு கிலோ 200 நாள் வரவேண்டும். இவருக்கு 75 நாளில் தீர்ந்துபோகிறது. கஞ்சி வடிக்கும்போது கொஞ்சம் போகும் என்று வைத்தாலும் ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருக்கிற உப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை. மாத்திரை ஒரு பக்கம் இறக்குகிறது, உப்பு மறுபக்கம் ஏற்றுகிறது. தன்னார்வலர் நோட்டில் மாத்திரைக்குக் கட்டம் இருக்கிறது, உப்புப் பாக்கெட்டுக்கு இல்லை. அதை யாரும் அவரைக் கேட்கச் சொல்லவுமில்லை.

இதில் என் பங்கும் உண்டு. நான் வேலையில் சேர்ந்தபோது இந்தப் பக்கத்துச் சனங்கள் காலையில் கூழும் ராத்திரி களியும் சாப்பிட்டவர்கள். நெல்லுச்சோறு அமாவாசைக்கும் பண்டிகைக்கும்தான். 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம் என்று அரிசி வந்தது. 2007 முதல் பாமாயிலும் வந்தது. பசி போனது. அதைக் குறை சொல்லும் வாய் எனக்கு இல்லை, பட்டினி கிடந்த வீடுகளை நேரில் பார்த்தவன் நான். ஆனால் காட்டு வேலை செய்த உடம்பு மூன்று வேளைச் சோற்றைத் தாங்கியது. இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கும் அதே மூன்று வேளைச் சோறுதான்.

2023இல் நீலகிரிக்கும் நம் மாவட்டத்துக்கும் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். கிழவர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் ராகியைப் பற்றி ஒரு தப்பு நம்பிக்கை பரவியிருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். ராகி என்றால் சர்க்கரை ஏறாது என்று நினைத்து இரண்டு உருண்டை களியும், மாவை நைசாக அரைத்து வெல்லம் போட்ட கஞ்சியும் குடிக்கிறார்கள். ராகியும் மாவுச்சத்துதான். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதில் கூடுதல், அவ்வளவே. களி உருண்டையைச் சிறிதாக்கி, கீரைக் கடைசலையும் கொள்ளையும் அவரையையும் கூட்டிக்கொண்டால்தான் பலன். இதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

அடுத்தது மூட்டு வலி. இங்கேதான் நம் மாவட்டம் மற்ற மாவட்டங்களைப் போல இல்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் தாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக்கூடாது. அதற்காகத்தானே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் இன்று 70 வயதில் இருப்பவர்கள் அதற்கு முன்பு 50, 60 வருடம் பழைய தண்ணீரைக் குடித்தவர்கள். பல்லில் காவி ஏறியது சின்ன வயதில். முதுகும் முட்டியும் விறைப்பது இப்போது. இன்றைக்கும் ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைப் பிடித்து, கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று குடிக்கிறார்கள். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும். தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடு அடர்ந்துதான் போகும்.

முட்டி வலித்தால் நடக்கமாட்டார்கள். நடக்காவிட்டால் சர்க்கரை ஏறும், எடை கூடும், எடை கூடினால் முட்டி இன்னும் வலிக்கும். வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். நடப்பதற்கு வலியைக் கொல்ல வேண்டுமே, அதற்கு மருந்துக்கடை. சீட்டு இல்லாமலே "கை கால் வலி செட்டு" என்று கேட்டால் நாலைந்து மாத்திரையைக் கலந்து சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். கடையின் பெயரைச் சொல்வது என் நோக்கமில்லை, ஒரு கடை இரண்டு கடை என்றால் சொல்லியிருப்பேன். அந்த வலி மாத்திரையே அழுத்தத்தை ஏற்றும், நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதில் ஸ்டீராய்டும் கலந்திருந்தால் சர்க்கரையும் ஏறும். வீடு தேடி வந்து கொதிப்பு மாத்திரை தரும் அரசுக்கு, அதே தலையணைக்கு அடியில் இந்தக் காகித உறை இருப்பது தெரியாது. நான் பார்த்திருக்கிறேன்.

என் சித்தப்பாவின் கதை ஒன்று. அவருக்குச் சர்க்கரை வந்து 12 வருடம். போன ஆவணியில் காட்டிலிருந்து வந்து கால் கழுவும்போது, பேரன்தான் பார்த்து "தாத்தா, ரத்தம்" என்றான். குதிகாலில் வேலிக்காத்தான் முள், முழுசாக உள்ளே. எப்போது ஏறியதென்றே அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவில்லையாம். "முள்ளு குத்துனா கூடத் தெரியலடா, அவ்ளோ கெட்டிக் காலு" என்று பெருமையாகச் சொன்னார். சர்க்கரையால் கால் மரத்துப்போனது அவருக்குப் பெருமை! அந்தப் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. கால் தப்பியது, பேரன் பார்த்ததால்.

புகையிலையைப் பற்றி நீட்டவில்லை. ஆண்களுக்குப் பீடி, பெண்களுக்கு வெற்றிலையோடு போயிலை. குட்கா 2013இலேயே தடை, ஆனாலும் பெட்டிக்கடையில் கேட்கும் விதத்தில் கேட்டால் கிடைக்கிறது. விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணைப் பொட்டலத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கு அந்த எண்ணால் என்ன பயன் என்பதை மட்டும் கேட்டு வைக்கிறேன்.

இவற்றை முன்வைத்து நாங்கள் வேண்டுவது:

ரேஷன் வண்டி எங்கள் ஊருக்கு வரும் நாளிலேயே சுகாதாரத் தன்னார்வலரும் அதோடு வர ஏற்பாடு செய்யுங்கள். புதிதாகப் பணம் வேண்டாம், புதிய ஆளும் வேண்டாம், இரண்டு துறைகள் ஒரு தேதியை ஒத்துக்கொண்டால் போதும். வண்டியில் தராசு இருக்கிறது, தன்னார்வலரிடம் கருவி இருக்கிறது. அழுத்தமும் எடையும் பார்த்து, காலைத் தூக்கிப் பாதத்தை ஒரு முறை பார்த்து, உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டால் ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம். 60 வயது கடந்தும் வண்டி வராத வீட்டுக்காரர்கள் நடந்து கடைக்கே வருகிறோம். எங்களுக்கு மாதத்தில் ஒரு நாள் கடை வாசலில் ஒரு மேசை போட்டால் போதும். நடந்து வருவது நல்லதுதான், எங்களுக்கு வண்டி வேண்டாம்.

முதியோர் மட்டும் உள்ள அட்டைகளுக்கு, விரும்பினால் சர்க்கரைக்குப் பதில் கூடுதல் ராகியோ பருப்போ வாங்கிக்கொள்ள வழி செய்ய அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம். இது தங்கள் அதிகாரத்தில் முடிகிற விஷயம் அல்ல என்று தெரியும், ஆனால் தாங்கள் எழுதினால் மேலே படிப்பார்கள். 2014இல் அரசின் உப்பு நிறுவனமே குறைந்த சோடியம் உப்பை வெளியிட்டது. அது கடைகளில் கிடைத்தால் நல்லது. ஆனால் அதில் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்ற வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். வலி மாத்திரைக்குப் பழகிப்போன எங்கள் ஊர்ப்பக்கம் அந்த எச்சரிக்கை இல்லாமல் இதைக் கொடுப்பது ஆபத்து.

சீட்டில்லாமல் வலி மாத்திரை செட் போட்டு விற்பதை மருந்து ஆய்வாளர் கண்காணிக்க உத்தரவிட வேண்டும். விற்பதை மட்டும் நிறுத்தினால் வலி போய்விடாது. ஆகவே எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இயன்முறை மருத்துவர் இந்த நாளில் வருவார் என்று தேதி குறித்துப் பலகையில் எழுதி வையுங்கள். நெடுநாள் வலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகப் பரிசோதனை ஒரு முறையாவது செய்ய வேண்டும். ஊர் ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து, எந்தக் குழாய் குடிக்க, எந்தக் குழாய் கழுவ மட்டும் என்று குழாயிலேயே வண்ணம் அடித்துவிட்டால் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 20ஆவது பிரிவு, அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. ஒரு மருத்துவமனையில் காலை 7 மணிக்கு வந்தவர்கள் 11 மணிக்கும் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்த சர்க்கரை நோயாளிகள் அவர்கள். தனி வரிசை என்பது ஒரு கயிறும் ஒரு பலகையும்தான் ஐயா.

இந்த மனு பற்றிய பதிலைக் குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதில் கைரேகை வைத்தவர்களில் பலருக்குக் கைபேசி இல்லை, இருப்பவர்களுக்கும் படிக்கத் தெரியாது. கடிதமாக அனுப்புங்கள். கடை வாசலில் நின்று நானே படித்துக் காட்டுகிறேன், அந்த இடத்தில் என் குரல் எல்லோருக்கும் பழக்கம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: பென்னாகரம் வட்டம்

நகல்:
1. துணை இயக்குநர், சுகாதாரப் பணிகள், தர்மபுரி.
2. மாவட்ட வழங்கல் அலுவலர், தர்மபுரி.