அபுதாபிக்குப் போகலாமா என்று கேட்டாய்

அன்புள்ள அம்மிணிக்கு,

உங்கள் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்தால் போகலாமா என்று போனில் கேட்டாய். பேசி முடிப்பதற்குள் உனக்கு லேபில் வேலை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். தாராளமாகப் போ. நாலைந்து மணி நேரத்தில் ஊருக்கு வந்துவிடலாம் என்று அப்பாவுக்கு இப்போதே சந்தோஷம். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

நியூயார்க் பல்கலைக்கழகம் என்றால் நம் சொந்தக்காரர்கள் பெரிய பெயர்களைத்தான் எடுப்பார்கள். சென்னையில் பிறந்து, 1963-ல் அங்கே போய், 2007-ல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு வாங்கிய வரதன். சென்னையில் படித்த சந்திரிகா டாண்டனும் அவர் கணவரும் கொடுத்த பத்துக் கோடி டாலருக்காக 2015-ல் அவர்கள் பெயர் வைக்கப்பட்ட பொறியியல் கல்லூரி. எனக்கும் பெருமைதான். ஆனால் பனியன் கம்பெனியில் தைத்துப் பிழைப்பவளுக்கு அந்தப் பல்கலைக்கழகம் என்றதும் முதலில் ஞாபகம் வருவது நீ வேலை செய்கிற பிரவுன் கட்டடம்.

முன்பு அதற்கு ஆஷ் கட்டடம் என்று பெயர். மேல் மூன்று மாடிகளில் டிரையாங்கிள் என்ற கம்பெனி பெண்களுக்கான சட்டை தைத்தது. 1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடிகிற நேரம். எட்டாவது மாடியில் கட்டிங் டேபிளுக்குக் கீழே குவிந்திருந்த வெட்டுத்துணியில் தீப்பிடித்தது. கட்டிங் வேஸ்ட் எப்படிப் பற்றும் என்று எனக்குத் தெரியும், ஒரு பொறி போதும். ஒன்பதாவது மாடியில் ஒரு பக்கத்துப் படிக்கட்டுக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். துணியைத் திருடிவிடுவார்களோ என்று எல்லோரையும் ஒரே வழியில் விட்டுப் பையைச் சோதிப்பது வழக்கமாம். வெளிப்பக்கத்து இரும்புப் படி பாரம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. தீயணைப்பு ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. 146 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த யூத, இத்தாலியப் பெண்கள், பதினாலு வயதுப் பிள்ளைகள் உட்பட.

ஒட்டிய கட்டடத்தில் உங்கள் பல்கலைக்கழகத்துச் சட்ட வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பேராசிரியர் பிராங்க் சோமரும் மாணவர்களும் மொட்டை மாடிக்கு ஓடி, பெயின்ட் அடிப்பவர்கள் விட்டுப்போன ஏணிகளை இறக்கி, ஆஷ் கட்டடத்து மொட்டை மாடியில் தவித்தவர்களைத் தங்கள் பக்கம் மேலே ஏற்றிவிட்டார்கள். முதலாளிகள் வழக்கில் விடுதலையானார்கள். ஆனாலும் நியூயார்க்கின் தொழிற்சாலைச் சட்டங்கள் மாறியது அந்தத் தீக்குப் பிறகுதான். 1929-ல் கட்டடம் பல்கலைக்கழகத்துக்குத் தானமாக வந்தது. 2023-ல் வைத்த நினைவுச் சின்னத்தை நீ போட்டோ எடுத்து அனுப்பினாயே, அதை எங்கள் லைன் பெண்களிடம் காட்டினேன். "கதவை எதுக்குக்கா பூட்டினாங்க?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

அபுதாபியை நினைக்கும்போதும் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது. சாதியாத் தீவில் 2014-ல் அந்த வளாகம் திறந்தது. கட்டுகிற ஆட்களுக்கு முறையான கூலி, தங்குமிடம், ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் என்றெல்லாம் பல்கலைக்கழகம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சின்ன காண்ட்ராக்டுகளுக்கு இந்த விதி கிடையாது என்று ஒரு சந்து விட்டுவிட்டார்கள். வேலை செய்த சுமார் 30,000 பேரில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் அந்தச் சந்தில் விடுபட்டுப் போனதாக 2015-ல் வெளியார் விசாரணை அறிக்கை சொன்னது. விடுபட்டவர்களுக்கு ஈடு தருவதாகப் பல்கலைக்கழகமும் சொன்னது.

ஏஜெண்ட் பணம் என்றால் என்ன என்று நம் வீட்டுக்குத் தெரியும். உன் மாமன் வளைகுடாவுக்குப் போனபோது பாட்டியின் நகை அடகுக்குப் போனது. முதல் வருஷச் சம்பளம் முழுக்க வட்டிக்கும் கடனுக்கும்தான் சரியாக இருந்தது. உனக்கு அப்படி இருக்காது. நீ ஒரு பைசா கட்டாமல் போய் இறங்குவாய். அதே வளாகத்தில் தரை துடைப்பவரும், கேண்டீனில் பரிமாறுபவரும், காவலுக்கு நிற்பவரும் எவ்வளவு கட்டி வந்தார்கள் என்று கேள். தமிழ் பேசுகிறவர்களும் இருப்பார்கள், உன்னிடம் மனசு விட்டுச் சொல்வார்கள். சொல்வதைக் கேட்டுவிட்டுச் சும்மா வராதே. தப்பு தெரிந்தால் உன் பேராசிரியரிடம் பேசு, எழுத்தில் கொடு. ஆனால் அவர்கள் பெயரை மட்டும் எங்கேயும் எழுதிவிடாதே, வேலை போய்விடும்.

அப்புறம், மாமன் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பான். வேலை ஒப்பந்தத்தில் எதை எதைப் பார்க்க வேண்டும், ஆட்களிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிக்க வேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேசிவிடு.

அம்மா