குலுக்கலில் சிதறிய வளவு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் கிராமத்து வீட்டுத்திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சென்ற வியாழக்கிழமை காலையில் இரண்டாம் கட்டத்துக்கான காணியில் பெக்கோ இயந்திரம் இறங்கியது. பின்னேரம் ஆவதற்குள் மூன்று வேம்புகளும் ஒரு மருதமரமும் வேலியோரம் நின்ற மரமுந்திரிகைகளும் வேரோடு சாய்ந்துவிட்டன. மறுநாள் முளை அடித்துக் கயிறு கட்டி, நேர்கோட்டில் 24 துண்டுகளாகக் காணியைப் பிரித்துவிட்டார்கள். யாருக்கு எந்த வீடு என்று சீட்டுப் போட்டுப் பார்க்கும் குலுக்கல் அடுத்த மாதம் என்று சொல்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதற்கட்டத்தில் வீடு பெற்றவள் நான். அதற்கான நன்றி என்றைக்கும் உண்டு. தகரக் கொட்டிலில் ஆறு வருடம் கிடந்தவளுக்குச் சுவரின் அருமை தெரியும். ஆனால் எங்களுக்கு நடந்தது இனி வரப்போகும் 24 குடும்பங்களுக்கும் நடக்கக் கூடாது. ஆகவே குலுக்கலுக்கு முன்னர் எங்களோடு ஒரு நாள் இருந்து பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு உரியது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. மூத்தவளுக்குக் கலியாணம் முடிந்தால் தாய் தன் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள்ளோ பக்கத்திலோ இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவாள். அடுத்தவளுக்கு அடுத்த வீடு. தமிழர் ஊரிலும் முஸ்லிம் ஊரிலும் இதுதான் வழக்கம். அக்கா தங்கைகளின் வீடுகளுக்கு நடுவில் ஒரு முற்றம் இருக்கும், ஒரு கிணறு இருக்கும். நெல் காய்வதும் பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். யார் வீட்டில் உலை வைத்தாலும் நாலு வீட்டுப் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள்.

உங்கள் குலுக்கலில் அம்மாவுக்கு 11ஆம் இலக்கம் வந்தது. தங்கைக்கு 38. எனக்கு 63. மாற்றித் தரும்படி கேட்டோம். பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது என்றார்கள்.

சென்ற வருடம் ஆடி மாதத்தில் ஓர் இரவு அம்மா குசினி வாசலில் வழுக்கி விழுந்தார். பழைய வளவில் அவர் இருமினாலே எனக்குக் கேட்கும். இங்கே அவர் கூப்பிட்ட சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. விடியற்காலையில் படலையில் நின்று குரல் கொடுத்த மீன்காரர்தான், பதில் வராததைக் கண்டு உள்ளே போய்ப் பார்த்தார். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. இரவு முழுவதும் சீமெந்துத் தரையில் கிடந்திருக்கிறார். அந்த அயல்வீட்டாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் எங்கிருந்தோ வந்து குலுக்கலில் அந்த இலக்கத்துக்கு வாய்த்தவர்கள்தான்.

இப்போது அம்மா கம்பு ஊன்றி நடக்கிறார். காலை பத்து மணிக்குப் பிறகு அவரால் வீட்டுக்குள் இருக்க முடியாது. கூரை அஸ்பெஸ்டஸ் தகடு, கீழே சீலிங் இல்லை. இரண்டு சன்னல்களும் வீதிப் பக்கம், பின்சுவரில் ஒரு துவாரம்கூட இல்லை. உள்ளே வந்த காற்று எந்த வழியால் வெளியே போகும்? வளவில் இருந்த மரங்களையெல்லாம் கட்டும்போதே தறித்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது தண்ணீர்த் தாங்கியின் நிழல் ஒன்றுதான், அதுவும் ஒரு கதிரை அகலம். நிழல் நகர நகர அம்மாவும் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துக்கொண்டு நகர்கிறார். கதிரைக் கால்கள் கீறிக் கீறித் தாங்கியைச் சுற்றி மண்ணில் ஓர் அரைவட்டமே விழுந்துவிட்டது. நீங்கள் எந்த நாளில் வந்தாலும் அதைக் காட்டுவேன்.

வைகாசி பிறந்தால் இங்கே கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசும். மானாவாரி வயல்கள் காய்ந்து கிடக்கும் மாதங்கள் அவை, அந்த வெக்கை அப்படியே மேற்குச் சுவரில் வந்து அறையும். அதற்காகத்தான் எங்கள் ஆட்கள் மேற்குப் பக்கத்தில் மரம் வளர்த்தார்கள். மாரியில் வாடைக்காற்றோடு மழை சாய்த்து அடிக்கும் என்பதால் தாவாரத்தைத் தாழ இறக்கினார்கள். ஓட்டுக்கூரையில் ஓட்டுக்கு ஓடு இடைவெளி உண்டு, சூடு அதற்குள்ளால் ஏறிப் போய்விடும். 2011 ஜனவரி வெள்ளத்தில் வீட்டு அத்திவாரம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டுமென்று படுவான்கரையில் சின்னப் பிள்ளைகூடக் கற்றுக்கொண்டது. இதையெல்லாம் எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

கேளாமல் கட்டுவது இந்த நாட்டில் பழகிப்போய்விட்டது. 2016இல் வடக்கு கிழக்குக்கென்று 65,000 இரும்புத் தகட்டு வீடுகளைக் கொண்டுவரப் பார்த்தார்கள். ஒரு வீடு 20 இலட்சம் ரூபாய்க்கு மேல். இந்த வெயிலில் இரும்பு வீடா என்று மக்களும் கட்டடக் கலைஞர்களும் எதிர்த்த பின்னர்தான் அது நின்றது. அஸ்பெஸ்டஸ் நுரையீரல் புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், எங்களுக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா எங்கள் தேயிலையைத் தடுத்ததும் அந்த முடிவு பின்போடப்பட்டது. தேயிலைக்கு விலை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தகட்டுக்குக் கீழே படுத்து எழும்புகிறவர்களின் மூச்சுக்கும் ஒரு விலை இருக்கிறது.

எல்லாக் கோபத்தையும் உங்கள் தலையில் கொட்டுவது நியாயமல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டுக் கட்டிய முன்மாதிரியும் இதே நாட்டில் இருக்கிறது. கண்டியில் வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தை 1950களில் மினெட் டி சில்வா என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். வரைபடத்தில் கை வைப்பதற்கு முன் குடியேறப் போகிறவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று கேட்டார். போருக்குப் பிந்திய இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பத்துக்கு 5,50,000 ரூபாயைக் கட்டம் கட்டமாகக் கொடுத்து, வீட்டுக்காரரையே முன்நின்று கட்ட வைத்தார்கள். நடக்காத காரியத்தை நான் கேட்கவில்லை.

குலுக்கல் வைப்பது பாரபட்சம் வரக் கூடாது என்பதற்காக. அதை மதிக்கிறேன், கைவிடும்படி கேட்கவும் இல்லை. ஆளாளாகக் குலுக்காமல் குழுவாகக் குலுக்குங்கள். தாயும் பெண்மக்களும், அல்லது ஒன்றாக இருக்க விரும்பும் அயலவர்கள், ஆறு குடும்பமாகச் சேர்ந்து ஒரே பெயராகத் தரட்டும். 24 வீட்டுக்கு நாலு குழு, நாலு சீட்டு. ஒவ்வொரு ஆறு வீட்டுக்கும் நடுவில் ஒரு முற்றத்தையும் ஒரு கிணற்றையும் விடுங்கள். வீடுகள் வீதியைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்க்கட்டும். பின்சுவரில் ஒரு சன்னல் வையுங்கள். கூரைக்கு ஓடு போடுங்கள், செலவு கூடும் என்றால் எங்கள் ஆண்களும் பெண்களும் கூலி வாங்காமல் ஓடு ஏற்றித் தருவார்கள். சீட்டு மாற்றுவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

திரும்பவும் கேட்கிறேன்: குலுக்கலுக்கு முன்னர் ஒரு நாள் வந்து எங்களோடு இருங்கள். மத்தியானத்தில் வந்தால் நல்லது. அம்மாவின் வீட்டுக்குள் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு, பிறகு புளியமரத்துக்குக் கீழே பாய் விரித்துப் பேசலாம்.

அந்தப் புளியமரம் காணியின் வடக்கு மூலையில் இன்னும் நிற்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை அதன் அடிமரத்தில் சிவப்பு மையால் அடையாளம் இட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் நிழலுக்குள் ஒரு முற்றமும் மூன்று வீட்டு வாசல்களும் அடங்கும், நான் அடி வைத்து அளந்து பார்த்தேன். பெக்கோ திரும்பி வருவதற்கு முன் உங்கள் பதில் வர வேண்டும் என்று தயவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
63ஆம் இலக்க வீட்டிலிருந்து,
11ஆம் இலக்க வீட்டுக்காரியின் மூத்த மகள்