ஆய்வகம் சொல்லாததை அச்சிடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தாவர எண்ணெய்களையும், ஊட்டத்துக்கு மேல் உடல்நலப் பயனும் தரும் எனப்படும் செயல்பாட்டு உணவுகளையும் ஆராயும் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகு. ஆராய்ச்சி மாணவர்களின் உழைப்பைக் கட்டுரையாளர் மனம்விட்டுப் பாராட்டியிருக்கிறார். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் 'இதயத்தைக் காக்கும் அதிசய விதை' என்ற தலைப்பு எங்கிருந்து வந்தது? ஆய்வாளர்கள் கூறியதாக வரும் வரிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். விதையின் எண்ணெயில் எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு இருக்கிறது, எடுத்து வைத்தால் எவ்வளவு விரைவில் கெடுகிறது என்று மட்டுமே பேசியிருக்கிறார்கள். இதயம் என்ற சொல்லே அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. போதாக்குறைக்கு ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி: 'தினமும் இரண்டு தேக்கரண்டி போதும்.' யார் சொன்ன அளவு அது?

இத்தகைய ஆய்வகம் ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாமல் வெட்ட நேர்ந்தால் என் கோபத்தை வெட்டுங்கள். தகவல்களில் கை வைக்க வேண்டாம்.

கொழுப்புப் பொருள்களை ஆராயும் லிப்பிட் ஆய்வகத்தில் பாதி வேலை, கையில் இருக்கும் மாதிரி கெட்டுப்போகாமல் காவல் காப்பதுதான். விதையை அரைத்து, குளோரோஃபார்மும் மெத்தனாலும் கலந்த கரைப்பானில் கொழுப்பை இழுத்தெடுப்பார்கள். 1957-இல் ஃபோல்ச் குழுவும் 1959-இல் பிளை, டயர் இருவரும் எழுதி வைத்த முறைகளைத்தான் இன்றும் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் குளோரோஃபார்ம் அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்தும் எதையாவது கரைத்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே எல்லாம் கண்ணாடி. பிரித்தெடுத்த கொழுப்பின் மேல் நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் காற்றை வெளியேற்றி, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைக்க வேண்டும். ஏன் இத்தனை பாடு? கொழுப்பு அமிலத்தின் கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் (இரு கார்பன் அணுக்கள் இருமடங்காக இணையும் இடங்கள்) கூடக்கூட அது ஆக்சிஜனுக்கு எளிதில் இரையாகிறது. ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு கொண்ட ஒலெயிக் அமிலத்தோடு ஒப்பிட்டால், இரண்டு பிணைப்புள்ள லினோலெயிக் அமிலம் பத்து மடங்குக்கு மேலும், மூன்று பிணைப்புள்ள ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் இருபது மடங்குக்கு மேலும் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. உங்கள் கட்டுரை கொண்டாடிய ஒமேகா-3, அந்த மூன்றாவது வகை. வெளிச்சமும் வெப்பமும் காற்றும் படும் இடத்தில் திறந்து வைத்த எண்ணெயில் அது என்ன ஆகிறது என்பதைத்தான் அந்த மாணவர்கள் மாதக்கணக்கில் அளந்திருக்கிறார்கள். கட்டுரையிலேயே பயனுள்ள செய்தி அது. அதற்குக் கிடைத்த இடம் ஒன்றரை வரி.

சரி, எண்ணெய் கெடாமல் வயிற்றுக்குள் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து வேறு கதை. விதைகளில் உள்ள ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும், மீன் எண்ணெயில் உள்ள இபிஏ, டிஹெச்ஏ என்ற நீளமான கொழுப்பு அமிலங்களும் 'ஒமேகா-3' என்ற ஒரே பெயரில்தான் விற்பனைக்கு வருகின்றன. முதலாவதை மற்ற இரண்டாக மாற்றும் திறன் நம் உடலுக்கு உண்டு. ஆனால் மிகக் குறைவு. இபிஏ ஆக மாறுவது சிறு பகுதி, டிஹெச்ஏ ஆக மாறுவது அதிலும் சொற்பம். மீன்களே கூட அவற்றைப் பெரும்பாலும் தாமாகத் தயாரிப்பதில்லை. கடல் நுண்பாசிகளில் உருவாகி உணவுச் சங்கிலி வழியே மீனுக்கு வந்து சேர்கின்றன. அந்தப் பாசிகளின் மரபணுக்களை எண்ணெய் வித்துத் தாவரத்துக்குள் புகுத்தி, விதையிலேயே இபிஏ, டிஹெச்ஏ விளைய வைக்க முடியுமா என்று இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையம் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த கேமலினா செடியில் முயன்றது. 2014-இல் வயல் சோதனை வரை போனார்கள், விளையவும் வைத்தார்கள். சாதாரண விதையே அந்த வேலையைச் செய்துவிடும் என்றால் அவர்கள் ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்?

செரிமானத்தையும் சும்மா விட்டுவிட முடியாது. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2014-இல் 'இன்ஃபோஜெஸ்ட்' என்ற பொதுவான செயல்முறை ஒன்றை வகுத்தார்கள். வாய்க்கு இரண்டு நிமிடம், இரைப்பைக்கு இரண்டு மணி நேரம், சிறுகுடலுக்கு இரண்டு மணி நேரம் என்று குடுவைக்குள் செயற்கையாகச் செரிக்க வைத்து, உணவிலிருந்து எந்தச் சத்து எவ்வளவு வெளிவருகிறது என்று பார்ப்பார்கள். உணவில் இருப்பது வேறு, அதிலிருந்து வெளிவருவது வேறு, ரத்தத்தில் சேர்வது வேறு. 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பச்சைக் காய்கறிக் கலவையைக் கொழுப்பே இல்லாத சாறு ஊற்றிச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் கரோட்டினாய்டுகள் (காய்கறிகளில் உள்ள மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள்) ஏறவே இல்லை என்று சொல்லிவிடலாம். எண்ணெய் சேர்த்தபோது ஏறின. மிகச் சிலரை வைத்து நடந்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் தாவரம், கொழுப்பு, உணவு மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்து ஏன் ஆராய்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இனி, என் கோபத்துக்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். கரோட்டினாய்டுகளில் ஒன்றான பீட்டா கரோட்டின் நிறைந்த காய்கனிகளை அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதாகப் பல கணக்கெடுப்புகள் காட்டின. சோதனைக் குழாயிலும் அது நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பானாகவே நடந்துகொண்டது. அப்போதே ஒரு பத்திரிகை 'புற்றுநோயைத் தடுக்கும் அதிசய மாத்திரை' என்று எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. குறையவில்லை, கூடியிருந்தது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு பெரிய சோதனையில் இந்த எண்ணிக்கை 28 சதவீதம். 1996-இல் அதைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். காய்கறியில் இருந்தபோது யாருக்கும் தீங்கு செய்யாத பொருள் அது. தனியே பிரித்து, செறிவாக்கி, புகைபிடிப்பவர்களுக்குத் தினமும் கொடுத்தபோது திசை மாறியது. நல்ல நோக்கத்தோடு, கவனமாக நடந்த சோதனையிலேயே இப்படி. எவரும் சோதிக்காத 'இரண்டு தேக்கரண்டி'யை நாம் எந்தத் துணிவில் அச்சிடுகிறோம்?

ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனுக்கு மதிப்பெண் போடும் 'ஓராக்' அட்டவணையும் அப்படித்தான். அமெரிக்க வேளாண் துறை அதை நெடுநாள் தன் இணையதளத்தில் வைத்திருந்தது. குழாயில் கிடைத்த எண்ணை உடலுக்குக் கிடைக்கும் நன்மையாகக் காட்டி விளம்பரம் செய்கிறார்கள் என்பதால் 2012-இல் நீக்கிவிட்டது. உங்கள் கட்டுரையின் இரண்டாம் பக்க வரைபடம் அதே எண்ணைத்தான் பெருமையோடு காட்டுகிறது.

இந்த ஆய்வகங்களை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அவற்றின் உண்மையான சாதனைகள் போதுமான அளவு பெரியவை. நாம் மிகைப்படுத்தத் தேவையே இல்லை. கொழுப்பு வெறும் கலோரிதான் என்று நம்பிய காலத்தில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். தோல் செதில் செதிலானது, வளர்ச்சி நின்றது. 1929-இல் அதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு லினோலெயிக் அமிலம் அத்தியாவசியமானது என்று காட்டினார்கள். அந்த அமிலத்தின் இரண்டாவது இரட்டைப் பிணைப்பைச் சரியான இடத்தில் போடும் நொதி தாவரங்களிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. தாவர எண்ணெயை வனஸ்பதி போலக் கெட்டிப்படுத்தும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி நல்லதை இறக்குகிறது என்று 1990-இல் காட்டியவர்களும் நெதர்லாந்தின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தான். 2003-இல் டென்மார்க் சட்டம் போட்டு அதைக் கட்டுப்படுத்தியது.

எனக்கு மிகவும் பிடித்தது கனடாக்காரர்களின் அரைவிதை உத்தி. ரேப்சீட் என்பது கடுகு இனத்து எண்ணெய் வித்து. உடலுக்கு நல்லதல்ல எனக் கருதப்பட்ட எருசிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் குறைவான ரேப்சீட் செடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். விதையைச் சோதித்தால் விதை அழியும், அழிந்த விதையிலிருந்து செடி வராது. எனவே 1960-களில் விதையின் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக் கருவியில் கொடுத்து அளந்தார்கள். கரு இருக்கும் மீதியை மண்ணில் முளைக்க வைத்தார்கள். அளவு சரியாக வந்த விதையின் மறுபாதி அப்போது தொட்டியில் உயிரோடு இருந்தது. அந்தப் பாதையில் 1974-இல் மனிடோபா பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகத்திலிருந்துதான் இன்றைய கனோலா எண்ணெய் வித்து வருகிறது. இதைக் கதையாக எழுத உங்கள் கட்டுரையாளருக்குத் திறமை இல்லையா என்ன?

செயல்பாட்டு உணவுகளே ஏமாற்று என்பதும் என் கட்சி அல்ல. ஜப்பான் 1991-லேயே அவற்றுக்கு அரசு அங்கீகார முறையைக் கொண்டுவந்தது. தாவரங்களில் உள்ள, கொலஸ்டிராலை ஒத்த ஸ்டெரால்களை நாளொன்றுக்குச் சுமார் இரண்டு கிராம் எடுத்தால் கெட்ட கொலஸ்டிரால் பத்து சதவீதம் அளவுக்குக் குறைகிறது. மனிதர்களிடம் மீண்டும் மீண்டும் சோதித்துக் கண்டது இது. அதனால் மாரடைப்பும் குறைகிறதா என்று நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வு கிடையாது. அந்தத் துறையில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தேதான் சொல்வார்கள். பத்திரிகைக்கு வரும்போது இரண்டாவது வாக்கியம் காணாமல் போகிறது.

எனவே அடுத்த முறை இத்தகைய கட்டுரை வரும்போது, ஆய்வு நடந்தது குழாயிலா, எலியிலா, மனிதரிலா என்பதை முதல் பத்தியிலேயே போடுங்கள். செலவை ஏற்றது எண்ணெய் நிறுவனம் என்றால் அதையும் சொல்லுங்கள். அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது, வாசகர் எச்சரிக்கையோடு படிப்பார். தலைப்பை அச்சுக்குப் போகுமுன் ஆய்வாளரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள், அவர் நெளிந்தால் மாற்றிவிடுங்கள்.

அந்த 'இரண்டு தேக்கரண்டி' அளவை யார் கொடுத்தார்கள் என்று கட்டுரையாளரைக் கேட்டு, வரும் இதழில் வெளியிட வேண்டுகிறேன். ஆய்வாளர்கள் கொடுக்கவில்லை என்றால், பெட்டிச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்