தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உன் அப்பா வாங்கிக்கொள்கிறார், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

குரூப்பில் சித்தி "எப்படிப்பா இருக்கே" என்று கேட்டதற்கு "ஹேங்கிங் இன் தேர்" என்று போட்டாயே, அதை எதிர்வீட்டுப் பெண்ணிடம் காட்டினேன். அவள் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறாள். அதில் 'இடியம்' என்று இதற்கெல்லாம் அர்த்தம் கேட்பார்களாம், ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறாள். "கஷ்டமா இருந்தாலும் தாக்குப் பிடிக்கிறேன்னு அர்த்தம் ஆன்ட்டி" என்றாள். அப்புறம், "சும்மா பேச்சுக்கும் சொல்லுவாங்க" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளோ என்னவோ.

உடனே நீ முன்பு போட்டதையெல்லாம் தேடி எடுத்துக் கேட்டேன். பொங்கலன்று "அண்டர் தி வெதர்" என்று போட்டிருந்தாய். உன் அப்பா டல்லாஸில் புயல் என்று டி.வி.யில் செய்தி தேடினார். 2011-இல் வந்த 'தானே' புயலில் மாமரமும் கொட்டகையும் போன மனுஷனுக்கு வேறு என்ன தோன்றும்? உடம்பு கொஞ்சம் சரியில்லை என்பதுதான் அர்த்தமாம். ஜலதோஷம், தலைவலி மாதிரி சின்னதுக்குத்தான் சொல்வார்களாம், பெரிய வியாதிக்கு இல்லையாம். சரி, அந்த மட்டும் நிம்மதி. வெந்நீர் குடி. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே.

"டைட்டனிங் மை பெல்ட்" என்று அக்காவுக்கு எழுதியிருந்தாயாம். அதற்கு நான் யாரையும் கேட்கவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தானே உங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தோம். செலவைக் குறை, வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதே.

ஒன்பதாவது படிக்கும்போது கட்டுரையில் "ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" என்று எழுதினாய் என்று டீச்சர் வகுப்பில் படித்துக் காட்டினார். முத்தியால்பேட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொட்டுகிற மழைக்கு இப்போது யாரும் அப்படிச் சொல்வதே குறைவு, பழைய பேச்சு என்கிறாள் இந்தப் பெண். இருக்கட்டுமே. அந்த வயதில் நம் வீட்டில் வேறு யாருக்கு அப்படி எழுத வந்தது?

இவ்வளவு இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை அம்மாவிடம் பேசுவது மட்டும் "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்". அதையும் கற்றுக்கொண்டேன். ஒரே இங்கிலீஷ் மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதற்கு அந்தப் பெயராம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும், 2023 ஆகஸ்டில் வந்ததாம். நீ அதற்குத் தேவலை, தீபாவளிக்குப் பேசினாய்.

உன்னோடு படித்த லாஸ்பேட்டைப் பையன் ஊருக்கு வந்துவிட்டான், தெரியுமா? கோயிலில் பார்த்தபோது அவன் அம்மா "பிட்வீன் ஜாப்ஸ்" என்றார். வேலை இல்லை என்பதைக் கௌரவமாகச் சொல்வது என்று அப்புறம்தான் தெரிந்தது. அமெரிக்காவில் வேலை பார்க்கக் கொடுக்கும் எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் அதிகம் போனால் 60 நாள்தானாம், அதற்குள் இன்னொரு கம்பெனி கிடைக்க வேண்டுமாம். கிடைக்கவில்லை, வந்துவிட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மா அவனுக்குத் தினம் வஞ்சிரம் வாங்கி வறுத்துப் போடுகிறார். நான் அவனைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அப்பாவின் கண் ஆபரேஷனைத் தவளக்குப்பம் அரவிந்தில் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டோம். பென்ஷன் பணமே போதும். இந்த மாதம் நீ ஒன்றும் அனுப்பாதே, அடுத்த மாதமும் வேண்டாம். அனுப்பினால் எனக்குக் கோபம் வரும். வெந்நீர் குடி.

மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். அப்பா 'டு லெட்' போர்டு மாட்டக் கிளம்பினார், நான்தான் இப்போது வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒழுகிக்கொண்டிருந்த பாத்ரூம் குழாயை மாற்றியாயிற்று. பெயின்ட் அடிக்கவும் ஆள் சொல்லியிருக்கிறேன். முன் ரூமுக்கு எந்தக் கலர் என்று எழுது. தமிழிலேயே எழுது.

அம்மா