சஸ்டெயினபிள் வாழ்க்கை சரி, அந்த வேலைய செய்யுறது யாரு?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல சஸ்டெயினபிள் லிவிங், அதாவது பூமிக்கு சுமை ஏத்தாம வாழுறது பத்தி அடிக்கடி எழுதுறீங்க, நல்ல விஷயம்தான், குறை சொல்லல. ஆனா வர்றதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான், துணிப்பை வாங்குங்க, ஸ்டீல் ஸ்ட்ரா வாங்குங்க, மூங்கில் பிரஷ் வாங்குங்க, பிளாஸ்டிக்க தூக்கிப் போட்டுட்டு கண்ணாடி டப்பா வாங்குங்கன்னு போய்க்கிட்டே இருக்கும், கடைசில மட்டும் தேவையில்லாதத வாங்காதீங்கன்னு ஒரு வரி இருக்கும். இத படிக்கும்போதெல்லாம் எனக்கு கேக்கத் தோணுறது ஒண்ணுதான். அந்த டப்பாவ எல்லாம் யாரு கழுவுறது?

கிண்டலுக்கு கேக்கல, நிஜமாவே கேக்குறேன். தூக்கிப் போடுற பொருளுக்குப் பதிலா திரும்பத் திரும்ப யூஸ் பண்ற பொருள் வந்தா அங்க ஒரு வேலை புதுசா பொறக்குது. கழுவணும், காய வைக்கணும், மடிக்கணும், வெளிய போகும்போது ஞாபகமா எடுத்துட்டு போகணும், குப்பைய மூணா பிரிக்கணும். இதெல்லாம் வீட்டுல யார் தலைல போய் விழும்னு ஊருக்கே தெரியும். ஐஎல்ஓன்னு சொல்ற சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018ல ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, உலகத்துல சம்பளமில்லாம நடக்குற வீட்டு வேலை, பராமரிப்பு வேலைல 76.2 சதவீதம் பெண்கள்தான் செய்யுறாங்களாம், ஒரு நாளைக்கு சராசரியா 4 மணி 25 நிமிஷம், ஆண்கள் 1 மணி 23 நிமிஷம். இதுக்கு மேல பூமிய காப்பாத்துற டூட்டியும் சேத்து குடுத்தா அவங்களுக்கு எங்கேர்ந்து வரும் வெல்பீயிங்? நல்லா தூங்குங்க, தியானம் பண்ணுங்கன்னு அடுத்த பக்கத்துலயே நீங்க போடுறீங்க, அது வேற.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டா பலனாவது உறுதியா இருக்கான்னா அதுவும் எல்லா நேரமும் இல்ல. டென்மார்க் அரசோட சுற்றுச்சூழல் அமைப்பு 2018ல பைகள வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுல கிளைமேட் கணக்க மட்டும் பார்த்தாலே சாதாரண பருத்திப் பை ஒண்ண குறைஞ்சது 52 தடவை யூஸ் பண்ணாத்தான் அங்க கடைல குடுக்குற பிளாஸ்டிக் பைக்கு சமமா வரும், மத்த பாதிப்பெல்லாம் சேத்தா அது ஆயிரக்கணக்குல போகுது. (குப்பையா வீசின பிளாஸ்டிக் கடல்ல போய் சேர்றது அந்த கணக்குல இல்ல, அதையும் சொல்லிடணும், இல்லன்னா நான் பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்குறேன்னு யாராச்சும் பதில் லெட்டர் போடுவாங்க.) அப்போ பீரோக்குள்ள இருவது துணிப்பைய அடுக்கி வச்சிக்கிட்டு இருவத்தி ஒண்ணாவதா அழகா இருக்கேன்னு இன்னொண்ணு வாங்குறது எந்த வகைல சேத்தி. குழந்தை டயப்பரும் இதே கததான். பிரிட்டன்ல 2008ல பண்ண ஆய்வுல துணி டயப்பருக்கும் தூக்கிப் போடுறதுக்கும் கார்பன் கணக்குல, அதாவது பூமிய சூடாக்குற வாயு எவ்வளவு வெளியாகுதுங்குற கணக்குல, பெரிய வித்தியாசமே வரல. ரொம்ப சூடான தண்ணில தொவைக்காம, மெஷின் நிறையுற அளவுக்கு துணி சேத்து போட்டு, கொடில காயப்போட்டு, அதையே அடுத்த குழந்தைக்கும் யூஸ் பண்ணாத்தான் துணி ஜெயிக்குது. அப்படின்னா பலன் பொருள்ல இல்ல, தொவைக்கிற கைல இருக்கு. அந்தக் கை யாருதுன்னுதான் எந்த கட்டுரையும் கேக்க மாட்டேங்குது.

சஸ்டெயினபிள் வளர்ச்சின்னா என்னன்னு ஐநா அமைச்ச புருண்ட்லாண்ட் கமிஷன் 1987ல சொன்ன விளக்கத்ததான் இன்னைக்கும் எல்லாரும் எடுத்துக் காட்டுறாங்க, வருங்கால தலைமுறை தன்னோட தேவைய தீர்த்துக்குறதுக்கு பங்கம் வராம இன்னைக்கு இருக்குறவங்க தேவைய நிறைவேத்துறதுன்னு. இதுல வருங்காலத் தலைமுறைங்குற பாதிய எல்லாரும் கெட்டியா புடிச்சிக்கிட்டாங்க, இன்னைக்கு இருக்குறவங்க தேவைங்குற பாதி எங்கயோ நழுவிப் போச்சு. அந்த ரிப்போர்ட்லயே ஏழைகளோட அடிப்படைத் தேவைக்குத்தான் முதலிடம்னு தெளிவா எழுதியிருக்கு. உடம்புல நோய் இல்லாம இருக்குறது மட்டும் ஆரோக்கியம் இல்ல, உடம்பு மனசு சமூக வாழ்க்கைன்னு மூணும் நல்லா இருக்கணும்னு உலக சுகாதார அமைப்போட சாசனமும் 1948லேர்ந்து சொல்லிக்கிட்டுதான் இருக்கு. இந்த ரெண்டையும் ஒண்ணா வச்சு பார்த்தா எனக்கு படுறது, ஒரு பழக்கம் பூமிக்கு நல்லதா இருந்து அத செய்யுற ஆள தேய்ச்சு எடுத்துச்சுன்னா அது பாதி கிணறுதான்.

அதனால எனக்குன்னு நான் ஒரு அர்த்தம் வச்சிருக்கேன். எனக்கு காய்ச்சல் வந்து படுத்துட்டா அந்த வாரமும் வீட்டுல எது தானா நடக்குமோ, அதுவும் இன்னொருத்தர் முதுகுல ஏறாம நடக்குமோ, அதான் எங்க வீட்டுக்கு சஸ்டெயினபிள். படத்துல பாக்க அழகா இருக்கா இல்லையாங்குறது எனக்கு பொருட்டே இல்ல.

இந்த அளவுல வச்சு பார்த்தா பாஸ் ஆகுறதுல முதல் இடம் வாங்காம இருக்குறதுக்குத்தான். வாங்காத பொருள கழுவ வேணாம், தொடைக்க வேணாம், வைக்க இடம் தேட வேணாம், கெட்டுப்போனா எங்க போடுறதுன்னு யோசிக்க வேணாம். போன் விஷயமும் அப்படித்தான், ஒரு ஸ்மார்ட்போனால வர்ற கார்பன்ல பெரும்பங்கு அது நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடி அத செய்யும்போதே வந்துடுது, நாம சார்ஜ் போடுறது கொஞ்சம்தான், அதனால இருக்குற போன இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுனாலே பெரிய காரியம், யாருக்கும் கூடுதல் வேலையும் இல்ல. 2022ல மட்டும் உலகத்துல 6.2 கோடி டன் எலக்ட்ரானிக் குப்பை சேர்ந்துச்சு, அதுல முறையா ரீசைக்கிள் ஆனதா கணக்குல வந்தது 22.3 சதவீதம்தான்னு ஐநா ரிப்போர்ட் சொல்லுது. ரீசைக்கிள் பண்ணிக்கலாம்னு மனச தேத்திக்கிட்டு புதுசு வாங்குறவங்க இத ஒரு தடவ படிக்கணும்.

அடுத்தது சாப்பாட்ட வீணாக்காம இருக்குறது. அதே 2022ல உலகத்துல 105 கோடி டன் சாப்பாடு வீணாப் போச்சு, அதுல 60 சதவீதம் ஹோட்டல்லயோ கடைலயோ இல்ல, வீடுகள்ல. இதுக்கு தனியா கருவி எதுவும் வேணாம், கடைக்கு போறதுக்கு முன்னாடி ஃபிரிட்ஜ திறந்து உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவ பாக்குறதுதான். அப்புறம் பக்கத்துல இருக்குற இடத்துக்கு நடந்து போறது, அழுக்கான துணிய மட்டும் தொவைக்கப் போடுறது, இதெல்லாம் வேலைய கூட்டாது, சிலது குறைக்கவே செய்யும். சமையல் குப்பைய உரமாக்குற கம்போஸ்ட்டும் எங்க வீட்டுல நல்லாவே நடக்குது, ஏன்னா அது என் வேலை இல்ல, என் பையனோட வேலை. நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

நீ ஒருத்தி பண்றதால என்ன மாறிடப்போகுதுன்னு கேக்குறவங்களும் இருக்காங்க, அவங்க சொல்றதுல நியாயமும் இருக்கு. கார்பன் ஃபுட்பிரிண்ட், அதாவது ஒரு ஆளால எவ்வளவு கார்பன் வெளியாகுதுங்குற பேச்ச 2000க்கு அப்புறம் விளம்பரம் போட்டு மக்கள்கிட்ட பரப்புனதுல பெரிய பங்கு பிபிங்குற எண்ணெய் கம்பெனிக்கு இருக்கு, உன் கணக்க நீ பாருன்னு. ஆக்ஸ்ஃபாம்ங்குற தொண்டு நிறுவனத்தோட கணக்குப்படி 2019ல வெளியான கார்பன்ல பாதி, உலகத்துல வசதியா இருக்குற 10 சதவீதம் பேரால வந்தது. அதனால ஸ்ட்ரா விஷயத்துல குற்ற உணர்ச்சி பட எனக்கு நேரமில்ல. ஆனா அதுக்காக எதுவும் பண்ண வேணாம்னு விட்டுடவும் எனக்கு மனசு வரல, ஏன்னா நான் கம்மியா வாங்குறது உலகத்த காப்பாத்துறதுக்காக மட்டும் இல்ல, வீட்டுல பொருள் குறைய குறைய எனக்கு கையில நேரம் மிஞ்சுது, சண்டை குறையுது, சாயங்காலம் உக்காந்து பேச முடியுது. அந்த நேரத்துலதான் நாலு பேரோட சேந்து பஸ் வேணும், நடக்க பிளாட்பாரம் வேணும்னு மனு எழுதவும் முடியுது. பஸ் வந்தா எல்லாருக்கும் வரும், அத யாரும் வீட்டுல உக்காந்து தேய்ச்சு கழுவ வேண்டியதில்ல.

சட்டத்தால எவ்வளவு சுமை எறங்கும்ங்குறதுக்கு பிரான்ஸ் நல்ல உதாரணம். அங்க 2021ல போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் மாதிரி பொருள்கள்ல இத ரிப்பேர் பண்றது எவ்வளவு சுலபம்னு பத்துக்கு ஒரு மார்க் போட்டுத்தான் விக்கணும்னு கொண்டு வந்தாங்க. வாங்குறவங்க ராத்திரி முழுக்க நெட்ல தேட வேணாம், மார்க்க பார்த்தா போதும்னு ஆச்சு.

அதனால உங்ககிட்ட ரெண்டு கோரிக்கை. ஒண்ணு, டிப்ஸ் போடும்போது பக்கத்துலயே அதுக்கு வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும், வீட்டுல அத யார் யார் பங்கு போட்டு செய்யலாம்னும் சேத்து போடுங்க. ரெண்டாவது, புது போன், புது மெஷின் வரும்போது அரை பக்கத்துக்கு விமர்சனம் போடுறீங்கல்ல, அதுலயே பேட்டரிய கழட்ட முடியுமா இல்ல ஒட்டி வச்சிருக்காங்களா, ஸ்பேர் பார்ட் எத்தன வருஷம் கிடைக்கும், சாதாரண மெக்கானிக் திறந்து பாக்க முடியுமான்னு கம்பெனிகிட்ட கேட்டு எழுதுங்க. நான் போன் பண்ணி கேட்டா லைன்ல மியூசிக்தான் போடுறாங்க, பேப்பர்லேர்ந்து கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்.

இப்படிக்கு,
உங்க வாசகி