அசனத்த பார்சல் ஆக்கிராத தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். நீ சேகரக் கமிட்டிக்கு, அதான் சபை நிர்வாகக் குழுவுக்கு, வந்ததுல அக்காவுக்கு எவ்வளவு சந்தோசம்னு உனக்கே தெரியும், சபை வரிக் கணக்கு காணிக்கைக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி மாசாமாசம் போர்டுல ஒட்டுறியாமே, அம்மா போன்ல சொல்லிச் சொல்லி பெருமைப்படுதா. இப்ப எழுதுறது வேற விசயம். நம்ம சர்ச்ச பிரதிஷ்டை பண்ண நாள கொண்டாடுற பிரதிஷ்டைப் பண்டிகைக்கு இந்த வருசம் அசனம், அதான் சபையா சேந்து பொங்கி ஒண்ணா உக்காந்து சாப்புடுற பந்தி, வேண்டாம், கேட்டரிங்ல சொல்லி பிரியாணி டப்பா வாங்கி, ஆராதனை முடிஞ்சதும் வாசல்ல வச்சு டோக்கன் பாத்து குடும்பத்துக்கு இத்தனைன்னு குடுத்துரலாம்னு சபை குரூப்ல நீ போட்டத பாத்தேன். அங்க பதில் போட்டா சண்டை மாதிரி ஆயிரும். அதான் இங்க நிதானமா எழுதுறேன், வேற ஊர் சபைகள்லயும் இந்தப் பேச்சு ஓடுதுன்னு கேள்விப்பட்டேன், அவங்களும் வாசிக்கட்டும்.

உன் பக்கம் இருக்குற நியாயம் எனக்குப் புரியுது. 2020ல கொரோனா வந்து கோயிலயே பூட்டி வச்சிருந்தாங்க, அதுக்கப்புறம் கூட்டம் கூடாம இருக்கணும்னு பார்சல் குடுத்தாங்க, அது அன்னைக்கு சரி. அது ஈசியா இருந்துச்சு, எச்சில் இலை எடுக்க ஆள் தேட வேண்டாம், ராத்திரி முழுக்க அடுப்புக்கிட்ட நிக்க இளவட்டப் பயலுவ இல்ல, பாதிப்பேர் சென்னைலயும் துபாய்லயும் இருக்கானுவ, பண்டிகைக்கு கார்ல வந்துட்டு சாயங்காலமே ஊருக்குத் திரும்பணும்னு நிக்காங்க. எல்லாம் உண்மைதான். ஆனா நீ அசனத்த சாப்பாடு வினியோகம்னு பாக்குற தம்பி, அங்கதான் எனக்கு மனசு கேக்கல. சாப்பாடு இல்லாம யாரும் நம்ம ஊர்ல பண்டிகை அன்னைக்கு பட்டினி கிடக்கல, அவனவன் வீட்ல கறி வாங்கி வைக்கத்தான் செய்யுதான். பின்ன எதுக்கு நம்ம தாத்தாமாரு வீட்டுக்கு வீடு அரிசி வசூல் பண்ணி ஒரே இடத்துல பொங்கி ஒரே பந்தியில உக்காந்தாங்க?

பைபிள்ல அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதுன முதல் நிருபத்த எடுத்து 11ஆம் அதிகாரம் வாசி. அப்பமும் ரசமும் எடுக்குற நற்கருணைக்கு முன்னாடி நாம வழக்கமா வாசிக்கிற 23ஆம் வசனத்துல ஆரம்பிக்காத, 17லருந்து வாசி. அங்க சபை கூடுறப்ப எல்லாரும் சேந்து சாப்புடுற வழக்கம் இருந்துச்சு, அதுக்குள்ளதான் அந்த நற்கருணையும் இருந்துச்சு. வசதியுள்ளவங்க சீக்கிரமே வந்து கொண்டாந்தத அவங்களே சாப்ட்டு முடிச்சுருதாங்க, நாள் முழுக்க வேலை செஞ்சுட்டு பொழுது சாய வர்ற கூலிக்காரனுக்கும் அடிமைக்கும் ஒண்ணும் மிச்சமில்ல. ஒருத்தன் பசியா இருக்கான், ஒருத்தன் குடிவெறியா இருக்கான்னு எழுதுதாரு பவுல். இல்லாதவங்கள வெக்கப்படுத்துறீங்களா, தேவனுடைய சபையையே அசட்டை பண்ணுறீங்களான்னு கேக்காரு. இவ்வளவு கோபப்பட்டுட்டு கடைசில என்ன வழி சொல்லுதாரு தெரியுமா, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். அதிகமா சமைங்கன்னோ, ஏழைக்கு தனியா எடுத்துக் குடுத்து அனுப்புங்கன்னோ சொல்லல. காத்திருங்கன்னாரு. பார்சல்ல இல்லாம போறது இந்த ஒண்ணுதான் தம்பி. டோக்கன் குடுத்து டப்பா வாங்குறவன் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்ல, அவன் பக்கத்துல யார் நிக்கான்னு கூட பாக்க வேண்டியதில்ல.

இயேசு மேல முறுமுறுத்தவங்க என்ன குத்தம் சொன்னாங்கன்னு லூக்கா 15ல இருக்கு, இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்னு. பாவிகளுக்கு பிச்சை போட்டிருந்தா எவனும் வாயத் தொறந்திருக்க மாட்டான், யூத ஆசாரத்துல கண்டிப்பா இருந்த பரிசேயனும் தர்மம் பண்ணத்தான் செஞ்சான். அவங்களோட உக்காந்ததுதான் அவங்களுக்குப் பொறுக்கல. உயிர்த்தெழுந்த பிறகும் பாரு, திபேரியா கடற்கரைல கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டு வச்சுட்டு, ராத்திரி முழுக்க வலை வீசி ஒண்ணும் கிடைக்காம இருந்தவங்கள வாங்க சாப்பிடுங்கன்னு கூப்பிடுதாரு, அவரத் தெரியாதுன்னு மறுதலிச்ச சீஷன் பேதுருவும் அந்தக் கூட்டத்துல இருக்கான். சாப்ட்ட பிறகுதான் அவன்கிட்ட நீ என்னை நேசிக்கிறியான்னு கேக்காரு.

வெளியாள் ஒருத்தன் எழுதுனதும் இருக்கு. பிளினின்னு ஒரு ரோம கவர்னர், இன்னைக்கு துருக்கி இருக்குற வடக்குக் கரைப் பக்கம் ஆட்சி பண்ணவன். கி.பி. 112 வாக்குல டிராஜன் பேரரசருக்கு ஒரு கடிதம் எழுதுதான், இந்தக் கிறிஸ்தவங்கள என்ன செய்யன்னு கேட்டு. அவங்க ஒரு குறிப்பிட்ட நாள்ல விடியும் முன்னாடி கூடி கிறிஸ்துவ தெய்வமா பாடுறாங்க, பிறகு கலைஞ்சுபோய் மறுபடி கூடி சாப்புடுறாங்க, அதுவும் சாதாரணச் சாப்பாடுதான்னு எழுதிருக்கான். சங்கம் சேரக்கூடாதுன்னு அவன் ஒரு உத்தரவு போட்ட பிறகு அந்தச் சாப்பாட்ட நிறுத்திட்டதா அவங்க சொன்னாங்களாம். விசாரணைல சபைல ஊழியம் செஞ்ச ரெண்டு அடிமைப் பெண்கள சித்திரவதையும் பண்ணிருக்கான், அதயும் அவனே எழுதுதான். சேந்து உக்காந்து சாப்புடுறதுலயே ஒரு அரசாங்கத்துக்கு சந்தேகம் வந்துருக்குன்னா அந்தப் பந்தியில எந்த மாதிரி ஆளுங்க ஒண்ணா உக்காந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாரு.

நம்ம ஊருக்கு வருவோம். நம்ம சபைகள்ல இது சும்மா வந்த பழக்கம் இல்ல. ஞானஸ்நானம் எடுத்த பிறகும் சாதி நம்மள விடல, இத மறைச்சுப் பேசி பிரயோசனமில்ல. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துல 1872ல கட்டுன கத்தோலிக்கக் கோயில்ல சாதிக்கொரு பக்கம்னு நடுவுல தடுப்பு இருந்துச்சு, 1910ல அத இடிச்சதுக்கு கோர்ட் வரைக்கும் போனாங்க, ஒரே பீடத்தப் பாத்து ஜெபம் பண்ணவங்க. புரொட்டஸ்டன்ட் பக்கமும் லேசுப்பட்டதில்ல, 1833லயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதிய சபைல அடியோட விடணும்னு சுற்றறிக்கை அனுப்புனாரு, அதுக்கு எதிர்ப்பு எழும்பி பல குடும்பங்க வெளிய போச்சு. மதுரைல அமெரிக்கன் மிஷன் 1847ல இன்னும் ஒருபடி மேல போய், சாதிய விட்டேன்னு வாயால சொன்னா போதாது, சேந்து உக்காந்து சாப்புடுன்னுட்டாங்க. சபைல போதிக்கிற உபதேசியார்மாரே நிறைய பேரு வேலைய விட்டுப் போனாங்களே தவிர சாப்பிடல. அத அந்த வெள்ளைக்காரங்க திணிச்ச விதம் சரியான்னு தனியா விவாதிக்கலாம், எனக்கும் அதுல கேள்வி உண்டு. ஆனா எங்க வலிக்கும்னு அவங்களுக்கு கரெக்டா தெரிஞ்சிருக்கு. பிரசங்கம் கேக்க, பாட்டுப் பாட, காணிக்கை போட எல்லாரும் தயாரா இருந்தாங்க, பந்தியிலதான் மாட்டிக்கிட்டாங்க. பேதுருவும் அந்தியோகியால இதே இடத்துலதான் சறுக்குனான், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபுக்கிட்டருந்து ஆள் வந்ததும் யூதரல்லாத புறஜாதியாரோட சாப்புடுறத விட்டு மெல்ல விலகுனான், எல்லாருக்கும் முன்னாடியே பவுல் அவன நேருக்கு நேரா கேட்டுட்டாரு, கலாத்தியர் 2ல வாசி.

அதனாலதான் நம்ம பந்திய நான் இவ்வளவு பெருசா நினைக்கேன். போன பண்டிகைக்கு நம்ம ஸ்கூல் கரெஸ்பான்டென்ட் சார் வந்து உக்காந்த இடத்துல, அந்தப் பக்கம் தெருக் கூட்டுற அக்கா, இந்தப் பக்கம் கேரளாவுலருந்து டைல்ஸ் வேலைக்கு வந்த ஒரு பையன், அவன் கிறிஸ்தவனே இல்ல. சாருக்கு கூட்டு வேண்டாம், அந்த அக்கா அவருக்கு வச்ச கூட்ட பேச்சு மூச்சில்லாம தன் இலைக்கு வழிச்சுப் போட்டுக்கிட்டு, கறிக்குழம்பு கொண்டாந்த பயல கூப்ட்டு சாருக்கு இன்னும் ரெண்டு துண்டு போடுலன்னு அதட்டுச்சு. சாரும் சிரிச்சுக்கிட்டே வாங்குனாரு. வருசம் முழுக்க ரெண்டுபேரும் ஒரு வார்த்த பேசிருக்க மாட்டாங்க, இது எந்த டோக்கன்லயும் நடக்காது.

சமையலும் அப்படித்தான். சனிக்கிழமை ராத்திரி நம்ம பொம்பளைங்க வட்டமா உக்காந்து உள்ளி உரிக்க, தேங்கா திருவ, கத்திரிக்கா அரிய, கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த பழைய பாட்டெல்லாம் வரும். மருமவ மேல கோவமா இருக்குற மாமியாரும் அங்க அவ பக்கத்துலதான் உக்காரணும், வேற இடமிருக்காது. விடியக்காலைல சோறு வடிச்சு பனையோலைப் பாய்ல வேட்டி விரிச்சு கொட்டுவாங்கல்லா, ஆவி முகத்துல அடிக்கும், தாத்தா ஒருத்தர் கையில ரெண்டு பருக்கை எடுத்து நசுக்கிப் பாத்துட்டு அடுத்த உலைய இறக்குங்கன்னு சொல்லுவாரு, அவரு சொன்னா சொன்னதுதான். நம்ம சபைப் போதகர் ஐயர் வந்து அந்தக் குவியலுக்கு முன்னாடி நின்னு ஜெபம் பண்ணுறப்ப வேர்வையும் புகையுமா நிக்கிற அத்தன பேரும் தலைய குனிவாங்க. எனக்கு எத்தனையோ ஆராதனைய விட அது பெருசாத் தெரியுது. எதிர்த்தெரு பெரியவரு, முத்தாரம்மன் கோயில் தர்மகர்த்தா, வருசந்தவறாம ஒரு மூட்ட கத்திரிக்கா குடுத்துவிடுவாரு, அவரு வீட்டுக் கொடைத் திருவிழாவுக்கு நம்ம வீட்டுலருந்து தேங்கா போகும். கேட்டரிங்காரன்கிட்ட அவரு கத்திரிக்காயை எங்க கொண்டு குடுப்பாரு சொல்லு. உவரிலயும் புளியம்பட்டிலயும் அந்தோனியார் கோயில்கள்ல நேர்ச்சையா அசனம் போடுறாங்களே, அங்க உக்காந்து சாப்புடுறவங்கள்ல யாரு எந்த சாமிய கும்பிடுறவங்கன்னு யாரும் கேக்குறதில்ல.

பார்சலே கூடாதுன்னு நான் சொல்ல வரல. படுத்த படுக்கையா இருக்குறவங்க, புள்ள பெத்தவ, வயசான தனிக்கட்டைங்க, அவங்களுக்கு சோறு கண்டிப்பா வீட்டுக்குப் போகணும். அதுவும் ஆதியிலருந்தே இருக்கு, கி.பி. 155 வாக்குல ரோம்ல ஜஸ்டின்னு ஒருத்தரு எழுதுனதுல, கூட்டத்துக்கு வர முடியாதவங்களுக்கு டீக்கன்மாரு பங்கு எடுத்துட்டுப் போவாங்கன்னு இருக்கு. கேரளாவுல மார்த்தோமா வழி வந்த கிறிஸ்தவங்க வீடுகள்ல பெரிய வியாழன் ராத்திரி பெசஹா அப்பம் செய்வாங்க, அந்த வருசம் சாவு விழுந்த வீட்ல அப்பம் சுட மாட்டாங்க, பக்கத்து வீட்டுக்காரங்கதான் கொண்டுபோய் குடுப்பாங்க. அந்த மாதிரி போகட்டும். ஒரு தூக்குவாளில சோறும் குழம்பும் எடுத்துக்கிட்டு ஒரு கமிட்டி மெம்பரே போகணும், போய் குடுத்துட்டு ஓடி வராம கொஞ்ச நேரம் உக்காந்து அவங்க சாப்புடுறவரைக்கும் பேசிட்டு வரணும். வாலிபர் சங்கத்துப் பிள்ளைங்கள ரெண்டு ரெண்டு பேரா அனுப்பு.

இன்னொண்ணு, கெஸ்ட் விசயம். வேற ஒரு சபைக்கு நான் பண்டிகைக்குப் போயிருந்தேன், பேர் வேண்டாம். மண்டபத்துக்கு உள்ள ஏசி ரூம்ல விரிப்பு போட்ட மேசைல நன்கொடை குடுத்தவங்களுக்கு தனிச் சாப்பாடு, ஐஸ்கிரீமோட. வெளிய பந்தியில குழம்பு தண்ணியாயிருச்சு, கடைசிப் பந்திக்கு கறியே இல்ல. பொன்மோதிரம் போட்டவன நல்ல இடத்துல உக்காருன்னும், கந்தை போட்டவன அங்க நில்லு இல்லன்னா என் பாதபடியாண்ட உக்காருன்னும் சொல்லாதீங்கன்னு யாக்கோபு நிருபத்துல அப்படியே இருக்கு, அந்த சபை வாசல்ல யாராவது அத எழுதி ஒட்டுனா நல்லது. நம்ம கமிட்டில யாராவது அந்த யோசனைய கொண்டாந்தா நீ எழுந்து பேசணும், உன்னாலதான் பேச முடியும், பெருசுங்க கூச்சப்படுவாங்க.

இனி வேலை. ஆள் இல்லன்னு சொன்னல்ல, இலை எடுக்கதுக்கும் பரிமாறதுக்கும் வெளியூர்லருந்து வர்றவங்க பேரயே லிஸ்ட்ல போடு, கார்ல வர்றவன் ஒரு வாளி சாம்பார் தூக்குனா ஒண்ணும் குறைஞ்சுபோயிர மாட்டான். கமிட்டி மெம்பர்ஸ் எல்லாரும் கடைசிப் பந்தி. பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம், பாத்திரக்கடைல எவர்சில்வர் வாடகைக்கு எடுத்துக்கலாம், அந்த வாடகைய நான் குடுக்கேன். நானும் உங்க அத்தானும் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கே வந்துருவோம், உள்ளி எத்தன கிலோன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லு, அதுக்குத் தக்கன அருவாமனை கொண்டாரணும், போன தடவ பத்தாம மகளிர் சங்கத்துல சண்டையே வந்துச்சு. அடுத்த கமிட்டி கூட்டம் எப்பன்னு போன் பண்ணு.

அன்புடன்
அக்கா